இடம் கேட்டு வந்தவர்கள்

சிலுவைத்துறை பொதுக் கல்லறைச் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மற்றச் சங்கங்களில் உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வராமல் டிமிக்கி கொடுப்பார்கள். வந்தால் வடை ஆறிப்போச்சு என்று சண்டை பிடிப்பார்கள். இந்தச் சங்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் எங்கேயும் போவதில்லை. கல்லறைத் தோட்டத்திலேயே படுத்திருக்கிறார்கள். அவர்கள் வடை கேட்பதில்லை. ஆனால் ஓட்டுப் போடுகிறார்கள்.

மதலேன் அந்தப் பதவியை ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஐஸ் ஆலையில் கணக்குப் பார்க்கிறவள், ஐம்பதை நெருங்குகிறவள், பிள்ளை இல்லை, புருசன் சூசை இறந்து சில வருடங்கள் ஆகின்றன. உனக்கென்ன, நேரம் கிடக்கிறது என்று சொல்லி ஊர் அவள் தலையில் கட்டிவிட்டது. கட்டியவர்கள்தான் பிறகு வாயைப் பிளந்தார்கள். அதுவரை கூட்டம் நடத்தப் போதிய ஆள் இல்லை, கோரம் சேரவில்லை என்று ஒவ்வொரு வருடமும் பொதுக்கூட்டம் தள்ளிப்போகும். மதலேன் வந்த முதல் வருடமே கூட்டத்தைக் கல்லறைத் திருநாள் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டாள். நவம்பர் இரண்டாம் தேதி எந்தக் குடும்பம் மெழுகுதிரியும் பூவும் எடுத்துக்கொண்டு கல்லறைக்கு வராமல் இருக்கும்? நாற்காலி வேண்டாம், பந்தல் வேண்டாம், ஒரு மைக் செட் போதும். அவரவர் தங்கள் கல்லறைப் பக்கத்தில் நின்றபடியே கை தூக்கினார்கள். மூளை என்றால் அதுதான் மூளை.

செத்தவர்களுக்கு ஓட்டு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கடல் ஊர்களுக்குள் ஏறி வரத் தொடங்கியதும் மேட்டு நிலத்துக்கு வந்த மதிப்பு கொஞ்சநஞ்சம் அல்ல. வேறொரு ஊரில் ஒரு கல்லறைச் சங்கத்தின் இயக்குநர்கள் ரகசியமாகக் கூடி, தோட்டத்தையே கண்டெய்னர் நிறுத்த விற்றுவிட்டார்கள். எலும்புகளைச் சாக்கில் கட்டி எங்கோ கொண்டு கொட்டினார்கள். நாடே கொதித்தது. அதன் பிறகு வந்ததுதான் மயானக் காப்புச் சட்டம். லாப நோக்கில்லாத கல்லறைச் சங்கங்களில் உறுப்பினர் இறந்தாலும் உறுப்பினர்தான், ஓட்டும் போகாது என்று அது சொன்னது. உயிரோடு இருப்பவனை விலைக்கு வாங்கலாம், குழிக்குள் இருப்பவனை எதைக் காட்டி வாங்குவது?

ஓட்டுப் போட ஒரு வாய் வேண்டுமே, அதற்குக் குரல். ஒருவர் வாழ்நாள் முழுக்கப் போனில் பேசியது, பிள்ளைகளைத் திட்டியது, கோயில் கமிட்டியில் சண்டை போட்டது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குரல் செய்வார்கள். உள்ளங்கை அகல வில்லையில் அடக்கிக் கல்லறைக் கல்லில் பதிப்பார்கள். வெயில்தான் அதற்குச் சாப்பாடு. ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்; ஓட்டெடுப்பில் ஆமாம் என்றால் பச்சை காட்டும், மாற்றமில்லை என்றால் சிவப்பு காட்டும். நாம் பேசினால் அதுவும் பேசும். அது இறந்தவரேதானா, அவரைப் போன்ற ஒன்றா என்று சாமியார்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை. மதலேனுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. சூசை என்றால் சூசைதான். தினமும் ஆலை விட்டதும் தோட்டத்துக்குப் போவாள். எந்தப் படகில் என்ன மீன் ஏறியது, யார் வீட்டில் யாருக்குப் பிணக்கு என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்த மனிதர் அல்லவா, சூசை எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துக் கேலி செய்வார். அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவாள். அவளுடைய நாளில் அந்த ஒரு பொழுதுதான் அவளுக்கென்று இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செலஸ்தீன் வாயைத் திறந்தாள்.

செலஸ்தீன் ஐஸ் ஆலையில் பெட்டி கட்டுகிறவள். கல்லாமுனைக்காரி. கல்லாமுனை என்ற ஊர் இப்போது இல்லை, கடல் எடுத்துக்கொண்டது. வீடுகளை எடுத்தது, கோயிலை எடுத்தது, கல்லறையையும் எடுத்தது. அந்த ஊர்ச் சனங்கள் சிலுவைத்துறையின் ஓரத்தில் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். கல்லறைத் திருநாள் அன்று அவர்கள் கடற்கரையில் வரிசையாக நின்று தண்ணீரைப் பார்த்துத் திரி ஏற்றுவார்கள். காற்று அணைத்துவிடும் என்பதால் பால்டின்னுக்குள் வைத்து ஏற்றுவார்கள். அப்படியும் அணையும்.

செலஸ்தீனுக்கு வயிற்றில் புற்று. டாக்டர் கையை விரித்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது அவள் மதலேனிடம் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அக்கா, என்னைய எரிச்சு ஒரு சட்டியில போட்டுக் குடுப்பாக. எம் பிள்ளைக அத எங்க கொண்டு போய் வைக்கும்? உங்க தோட்டத்துல சுவரோரமா ஒரு மூலை இருந்தாப் போதும். வருசத்துக்கு ஒருக்க வந்து திரி ஏத்திட்டுப் போகுங்க."

மதலேன் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள். சங்கத்தின் ஆறாவது விதி அவளுக்கு நன்றாகத் தெரியும். உறுப்பினர், உறுப்பினரின் ரத்த உறவு, மண உறவு, இவர்களைத் தவிர யாரையும் தோட்டத்தில் அடக்கக் கூடாது. புதிய உறுப்பினர் சேர்க்கையோ கடல் ஏறிய வருடமே நிறுத்தப்பட்டுவிட்டது.

நேராக வக்கீல் அமலதாசிடம் போனாள். அவர் சங்கத்தின் சட்ட ஆலோசகர். சூசைக்குக் கூட்டாளி, அதனால் இவளுக்குக் கொழுந்தன் முறை. விதியைத் திருத்த வழி உண்டா என்று கேட்டாள். உண்டு, மொத்த உறுப்பினரில் முக்கால் பங்கு ஆமாம் சொல்ல வேண்டும் என்றார் அவர். மொத்தம் என்றால் இருப்பவரும் இறந்தவரும் சேர்த்து. இருப்பவர்கள் ஏறக்குறைய இருநூறு, இறந்தவர்கள் நானூறு.

"இருக்கவங்களக் கால்ல விழுந்தாவது சம்மதிக்க வச்சிருவேன்" என்றாள் மதலேன். "செத்தவங்களும் நம்ம சனந்தான?"

அமலதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குரலுங்க ஆமான்னு போடாது மைனி. அது பிடிவாதம் இல்ல, சட்டம். அந்த ஆளு உசுரோட இருக்கும்போது அந்த விசயத்தப் பத்தி ஒரு முடிவு சொல்லியிருந்தாத்தான் குரல் ஆமாம் போடலாம். சொல்லலைன்னா மாற்றமில்லைன்னுதான் போட்டாகணும். எவனாவது உள்ள புகுந்து, செத்தவங்க வாயால தனக்கு வேண்டியதச் சொல்ல வச்சிரக் கூடாதுல்லா, அதுக்குத்தான்."

"அவுக இருக்கும்போது கல்லாமுனை முங்கவே இல்லியே."

"அதான் சங்கதி" என்றார் அமலதாஸ்.

சட்டத்தைக் குறை சொல்லவும் முடியாது. அது இல்லாவிட்டால் சிலுவைத்துறைத் தோட்டத்திலும் இந்நேரம் கண்டெய்னர்தான் நிற்கும். திருடனுக்குப் போட்ட பூட்டு விருந்தாளிக்கும் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவள் சூசையிடம் போய்ப் படபடவென்று பொரிந்தாள். சூசை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தனக்கு எப்படியிருக்கிறது என்பதைச் சொன்னார். ஆமாம் என்று போட வேண்டுமென்று நினைத்துப் பார்த்தாராம். வாய் வரவில்லையாம். எஞ்சின் ஓடுகிறது, கியர் விழவில்லை என்கிற மாதிரி இருக்கிறதாம்.

"சரி, இப்ப உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டாள்.

"இப்பத் தோணுறது ஓட்டுல சேராது பிள்ள."

பக்கத்துக் கல்லறையில் யாரோ ஒருவர் தன் அப்பாவிடம் படகு லைசென்ஸ் விவகாரத்துக்கு யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா திட்டிக்கொண்டிருந்தார்.

"விதி பதினொன்னு இருக்குல்லா" என்றார் சூசை.

அந்தப் பதினோராவது விதியை நினைத்தால் சிலுவைத்துறையில் யாருக்கும் சிரிப்பு வரும். சங்கம் தொடங்கிய காலத்தில் லோப்பஸ் என்று ஒருவர் இருந்தார். கூட்டத்துக்குக் கூட்டம் கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்வார். கமிட்டி ஏற்க மாட்டோம் என்று கெஞ்சும். ஒரு தடவை மனிதர் நிஜமாகவே விலக நினைத்தார். கமிட்டி வழக்கம்போலக் கெஞ்சியது. அவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். அந்தத் தலைவலிக்குப் பிறகு எழுதிய விதி அது: எந்த உறுப்பினரும் எந்த நேரத்திலும் ஒரே சொல்லில் விலகலாம், காரணம் கேட்கக் கூடாது, மறுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. உறுப்பினர் என்றுதான் எழுதியிருந்தார்கள். உயிருள்ள உறுப்பினர் என்று எழுத அந்தக் காலத்தில் யாருக்குத் தோன்றியிருக்கும்?

"விலகுறது ஓட்டு இல்ல" என்றார் சூசை. "அதுக்கு நான் முன்னால ஒண்ணும் நெனச்சிருக்க வேண்டாம். நான் போயிட்டா மொத்தக் கணக்குல ஒரு ஆளு கொறையும். எல்லாரும் போயிட்டா இருக்கிறவங்க கையே போதும்."

சட்டத்தின் அடுத்த வரியும் மதலேனுக்குத் தெரியும். உறுப்பினர் அல்லாத இறந்தவரின் குரலை வைத்திருப்பது குற்றம். விலகிய அந்த நொடியே வில்லை தானாக அழிந்துவிடும். ஒருமுறை அழிந்த குரலை மறுபடி செய்யவும் முடியாது.

"வாய மூடுங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பல நாள் அவள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. ஒருமுறை புதைத்தது போதாதா? மண்ணள்ளிப் போட்ட கையாலேயே இன்னொரு முறையும் அனுப்ப வேண்டுமா? செலஸ்தீன் யார், உடன்பிறந்தவளா, ஒட்டா உறவா? இப்படியெல்லாம் தனக்குத்தானே வாதாடினாள். வழி இருக்கிறது என்று அமலதாசிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் ஆலையில் செலஸ்தீன் எதிரே நின்றாளே! நாளுக்கு நாள் இளைத்தாள், பெட்டி தூக்க முடியாமல் ஓரமாக உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுத்தாள். என்ன ஆச்சு அக்கா என்று மறுபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மதலேன் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் இவளைத் தின்றது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் எல்லோரும் தங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். மதலேனும் வாளியும் மட்டையுமாகப் போனாள். ஒன்றும் பேசாமல் அடிக்கத் தொடங்கினாள்.

"பிரேக் புடிச்சது போதும், பேசு" என்றார் சூசை.

அவள் மட்டையைப் போட்டுவிட்டு அழுதாள். அக்கம்பக்கம் பார்க்கவில்லை, மூக்கைச் சிந்தி, ஓங்கியே அழுதாள். பிறகு கேட்டாள்: "உங்களுக்குப் போகணும்னு ஆசையா இருக்கா?"

"இல்ல" என்றார் அவர். "பொய் சொல்லப் படாது. நீ வந்து ஊர்க்கதை சொல்லுதது எனக்குத் திருநாளு மாதிரி. ஆனா அந்தப் புள்ள காத்துக்குள்ள டின்னுல திரி ஏத்திக்கிட்டு நிக்கும்னு நீ சொன்ன பாரு, அதுலேருந்து எனக்கு இங்க கெடக்கக் கூச்சமா இருக்கு."

"நீங்க போயிட்டா நான் யார்ட்டப் பேச?"

"இதே கல்லுக்கிட்டப் பேசு. இந்த வில்லையெல்லாம் வாரதுக்கு முன்னால எல்லாரும் அப்படித்தான பேசுனாக?"

வேறு ஏதாவது சிக்கல் உண்டா என்று அவள் கேட்டாள். செயலாளர் புத்தி, எங்கே போகும்? ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சூசை கொஞ்சம் அவசரமாகவே சொன்னார். அவள் அதைக் கவனிக்கவில்லை. சுண்ணாம்பு அடித்து முடித்தாள். அந்த வருடம் சூசையின் கல்லறை எல்லாவற்றையும் விட வெள்ளையாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் தோட்டம் நிறைந்துவிட்டது. சாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். கல்லறைக்குக் கல்லறை செவ்வந்தி மாலை, மெழுகுதிரி. ஒவ்வொரு கல்லின் ஓரத்திலும் குரலின் சின்ன விளக்கு. செலஸ்தீன் தன் இரண்டு பிள்ளைகளோடு கேட்டுக்கு வெளியே நின்றாள். உறுப்பினர் அல்லாதவர் கூட்டத்துக்குள் வரக் கூடாது.

தலைவர் இஞ்ஞாசி அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். கருவாடு ஏற்றுமதி செய்கிறவர், நல்ல மனிதர்தான். மதலேன் எழுதிக் கொடுத்திருந்த தீர்மானம் வாசிக்கப்பட்டது: நிலம் கேட்டு வருபவர் உறுப்பினரா என்று பார்க்க வேண்டியதில்லை, தோட்டத்தில் இடம் இருக்கும்வரை அவருக்கு இடம் உண்டு. அண்ணாச்சி எதிர்த்துப் பேசினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கதவைத் திறந்துவிட்டால் பத்து வருடத்தில் தோட்டம் நிறைந்துவிடும், அப்புறம் நம் பேரப்பிள்ளைகள் நம் பக்கத்தில் படுக்க இடம் கேட்டால் என்ன சொல்வது என்றார். எப்படியும் குரல்கள் மாற்றமில்லை என்றுதான் போடப்போகின்றன, சட்டுப்புட்டென்று ஓட்டெடுத்து முடிப்போம் என்றார்.

மதலேன் மைக்கை வாங்கினாள். "ஓட்டெடுக்க முந்தி, ஒரு உறுப்பினரோட விலகல் வந்திருக்கு. விதி பதினொன்னு. செயலாளர்ங்கிற முறையில நான் அத ஏத்துக்கிட்டே ஆகணும்" என்றாள். நடந்துபோய் மைக்கைச் சூசையின் கல்லருகே பிடித்தாள். அவரை ஒரு நிமிடம் பார்த்தாள், அதாவது கல்லைப் பார்த்தாள். "போயிட்டு வாங்க" என்றாள்.

"விலகுதேன்" என்றது சூசையின் குரல். விளக்கு அணைந்தது.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் மைக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். செலஸ்தீன் கேட்டதைச் சொன்னாள், கணக்கைச் சொன்னாள், குரல் போனால் போனதுதான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். யாரையும் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. உங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், முடிவு அவர்களுடையது என்றாள். ஒரு குரல் இன்னொரு குரலோடு பேசச் சட்டத்தில் இடமில்லை. அதனால் கேட்பதென்றால் அவரவர் வீட்டார்தான் கேட்க வேண்டும். நல்ல வேளையாக ஊரே தங்கள் தங்கள் கல்லறை முன்னால்தான் நின்றிருந்தது.

வலை பின்னும் இராயப்பன் முதலில் குனிந்தார். தன் பெண்சாதியின் கல்லிடம் ரொம்ப நேரம் முணுமுணுத்தார். அந்த விளக்கு அணைந்தது. அப்புறம் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் வீட்டார். அப்புறம் அக்கா தங்கை மூன்று பேர், தம்பியின் கல்லைக் கட்டிப்பிடித்தபடி. இங்கொன்றும் அங்கொன்றுமாக விளக்குகள் போயின. வேண்டாம் என்று பிள்ளைகள் அழுத இடத்தில், குரலே அதட்டிச் சமாதானம் சொல்வதும் கேட்டது. பாதி ஆகியிருக்கும்.

அப்போதுதான் அமலதாஸ் கல்லறைகளுக்கு நடுவே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மைனி, விதி பன்னெண்டு!"

பன்னிரண்டாவது விதி: விலகியவருக்குத் தோட்டத்தில் குழியுரிமை அந்தக் கணமே நீங்கும். லோப்பஸ் மாதிரி ஆட்கள் விலகிவிட்டு இடத்தை மட்டும் பிடித்துவைக்கக் கூடாது என்று எழுதியது. மதலேனுக்கும் அது மனப்பாடம்தான். ஆனால் ஏற்கெனவே குழிக்குள் இருப்பவருக்கு அது பாயும் என்று அவள் யோசிக்கவே இல்லை. இப்போது விலகிய இருநூறு பேரும் உரிமையில்லாத நிலத்தில் கிடக்கிறார்கள். தீர்மானம் தோற்றால் அவர்கள் எலும்புகளை வெளியே எடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. மேட்டு நிலத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருப்பவர்கள் சும்மா விடுவார்களா?

மைக் திறந்தே இருந்தது. ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது.

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சூசை அவசரப்பட்டது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே முதல் ஆளாகப் போயிருக்கிறார். பாவி, என்னிடம் சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே, இப்படி ஒரு ஆளோடு குடும்பம் நடத்தினோமே என்று நெஞ்சு நிறைந்தும் போனது.

தோட்டம் அப்படியே நின்றது. இன்னும் கேட்காதவர்கள் கேட்கப் பயந்தார்கள். எங்கள் அம்மையைக் குழியிலிருந்து வெளியே தள்ளவா என்று ஒரு பெண் கத்தினாள். விலகியவர்களின் வீட்டார் பேயறைந்தது போல் நின்றார்கள். கூட்டத்தை முடிக்கத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. எல்லோரும் இஞ்ஞாசி அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய அம்மா ஞானப்பூவின் கல்லறை. பேச்சுரிமை குரல்களுக்கும் உண்டு.

"ஏலே இஞ்ஞாசி, என்னல முழிச்சிக்கிட்டு நிக்க?" என்றது அந்தக் குரல். கிழவி உயிரோடு இருந்தபோது மீன் ஏலத்தில் கேட்ட அதே தொண்டை. "பாதிப்பேரு போயிட்டாக. இனி நாம நின்னாத்தான் அவுக எலும்பு வெளிய போகும். நாமளும் போயிட்டா எல்லாரும் கெடந்த எடத்துலயே கெடப்போம். இது ஒரு கணக்கால? மீன எண்ணுதவனுக்கு இது தெரியலையா?"

"அம்மா..." என்றார் அண்ணாச்சி.

"நான் தயாரு. நீ சொல்லாமப் போக மாட்டேன். ஒன் வாயால கேட்டுட்டுப் போறேன்."

ஊரில் பாதிப் பேருக்கு வேலை கொடுக்கிற மனிதர், அத்தனை பேர் முன்னாலும் மண்டி போட்டார். நெற்றியைச் சுண்ணாம்புக் கல்லில் வைத்தார். நம் சனங்கள் யாரையும் போ என்று அனுப்புவதில்லை. கடைக்குப் போகிறவனையும் கடலுக்குப் போகிறவனையும் போயிட்டு வா என்றுதான் அனுப்புவோம். அண்ணாச்சிக்கும் வேறு வார்த்தை தெரியவில்லை.

"போயிட்டு வா அம்மா."

"விலகுதேன்" என்றாள் ஞானப்பூ.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. தோட்டம் முழுக்கக் குனிந்த முதுகுகள். போயிட்டு வாங்கப்பா, போயிட்டு வாங்க மைனி, போயிட்டு வாடா தம்பி என்று எல்லாப் பக்கமும் ஒரே பேச்சு. திட்டிக்கொண்டே போன குரல் உண்டு, பாடிக்கொண்டே போன குரல் உண்டு. சிலர், எத்தனை வருடமாக என்னை அணைத்துவிடு என்று சொல்கிறேன், இப்போதாவது காது கேட்டதே என்று நிம்மதியாகப் போனார்கள். குடும்பமே வெளிநாடு போய்விட்ட கல்லறைகளுக்கு மதலேன் தானே போய்ச் செயலாளராக நின்று கேட்டாள். சில குரல்கள் மாட்டேன் என்றன. சில வீட்டார் கேட்கவே இல்லை. அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கும் ஒரு மனசு வேண்டும். கடைசியில் வில்லை விளக்குகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சின. மெழுகுதிரிகள் மட்டும் எரிந்தன.

அமலதாஸ் இரண்டு தடவை எண்ணினார். போதும் என்று தலையாட்டினார்.

ஓட்டெடுத்தார்கள். கைகள் எழுந்தன. மிச்சமிருந்த விளக்குகள் சிவப்புக் காட்டின, அது அவர்கள் கடமை. இஞ்ஞாசி அண்ணாச்சி முழங்காலில் இருந்தபடியே கை தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது என்று அவர்தான் அறிவிக்க வேண்டும். அவரால் முடியவில்லை, மதலேன் அறிவித்தாள்.

பிறகு அவள் போய்க் கேட்டைத் திறந்தாள். செலஸ்தீன் மைக்கில் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "எனக்காக ஏன்க்கா இப்படிச் செஞ்சீக?" என்று கேட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே வா, கால் வலிக்கும் என்று மதலேன் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். சூசையின் கல்லறைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடந்தது. தனக்கென்று அவள் நினைத்து வைத்திருந்த இடம். அதைக் காட்டி, பிடித்திருக்கிறதா என்று கேட்டாள்.

தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே செலஸ்தீன் அந்த இடத்துக்கு வந்துவிட்டாள்.

பிறகு பதிவுத்துறையிலிருந்து விளக்கம் கேட்டார்கள். உறுப்பினர் அல்லாத இத்தனை பேர் சங்க நிலத்தில் கிடக்கிறார்களே, எந்த உரிமையில் என்று. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பதில் வாசகத்தை யோசித்து எழுத வேண்டும் என்றார் அமலதாஸ். மதலேனுக்கு யோசிக்க என்ன இருந்தது? திருத்திய ஆறாவது விதியின்படி என்று எழுதினாள்; இடம் கேட்டு வந்தவர்கள், இடம் கொடுத்தோம் என்று எழுதினாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கல்லாமுனைக்காரர்களுக்கென்று திறந்த கதவில் முதலில் நுழைந்தவர்கள், பல வருடமாக உள்ளேயே கிடந்தவர்கள்தான். இன்றைக்குச் சூசைக்கும் ஞானப்பூவுக்கும் செலஸ்தீனுக்கும் அந்த நிலத்தில் இருப்பது ஒரே உரிமை.

அடுத்த கல்லறைத் திருநாள் அன்று கல்லாமுனைச் சனங்கள் கடற்கரைக்குப் போகவில்லை. பால்டின்களோடு தோட்டத்துக்கு வந்தார்கள். பழக்க தோசம், இங்கே காற்றே இல்லை. மதலேன் சூசையின் கல்லுக்கு மாலை போட்டு, திரி ஏற்றி, உட்கார்ந்து, எந்தப் படகில் என்ன மீன் ஏறியது என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். அந்த இடத்தில் அவர் கேலி செய்திருப்பார். ஒன்றும் வரவில்லை.

பக்கத்துக் கல்லறையில் செலஸ்தீனின் மகள் அம்மாவிடம் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லில் எந்தக் காலத்திலும் வில்லை இருந்ததில்லை. அவளும் இடையில் நிறுத்தினாள், அம்மா பதில் சொல்லி முடிக்கிற அளவுக்குக் காத்திருந்தாள், பிறகு சிரித்துவிட்டு மேலே பேசினாள்.

மதலேன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் கல்லின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.